கறி சாப்பிடுபவர்கள் அறுப்பதையும் பார்க்க வேண்டுமா?

செந்தூல்வாசி:
கறி சாப்பிடுகிற ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது அந்த உயிர் அறுபடுவதை நேரில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. கோலாலம்பூரில் வளரும் பிள்ளைகளுக்குக் கோழி என்றால் பேரங்காடியின் குளிர்பெட்டியில் கிடக்கிற வெள்ளைத் துண்டு, அவ்வளவுதான். சந்தைக் கடைக்காரர் கூண்டிலிருந்து பிடித்து நம் கண்முன்னே அறுத்துக் கொடுத்த காலத்தில் பாதிக் கறியோடு எலும்பைத் தட்டில் விட்டு எழுந்தவர்கள் குறைவு. பதினைந்து வயது மகனை இந்த விடுமுறையில் ஓர் இறைச்சிக்கூடத்துக்கு அழைத்துப்போக நினைக்கிறேன். வேண்டாம் என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

கோழிக்கடை ராஜா:
காரணம் நான் சொல்கிறேன். இதே தொழிலில் இருப்பவன். நீங்கள் காட்டப்போவது கோழியின் கடைசி நிமிடங்களை மட்டும். கால்களைக் கொக்கியில் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். சில ஆலைகளில் மின்சாரம் பாயும் தண்ணீரில் தலை முங்கி மயங்கும். பிறகு அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிக் கழுத்தில் கத்தி. மூச்சுக்குழலும் உணவுக்குழலும் இரத்தக்குழாய்களும் அறுபட வேண்டும். இரத்தம் வடிந்ததும் வெந்நீர், அப்புறம் இறகு பிடுங்கும் எந்திரம். ஒழுங்காக நடக்கிற கூடமென்றால் உங்கள் மகன் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்பான்.

அதற்கு முந்தைய ஐந்தாறு வாரங்களை யார் காட்டுவது? அதற்குள் அந்தக் குஞ்சு 2 கிலோவுக்கு ஏறிவிடுகிறது. உடம்பு பெருக்கிற வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் சிலவற்றுக்குக் கால் மடங்கிப்போகும். கோழிக்கு வியர்க்காது, கொட்டகையில் விசிறி நின்றுபோனால் வாயைப் பிளந்து இரைக்கும். கடைசி இரவு, கைக்கு நாலைந்தாகக் காலைப் பிடித்துத் தூக்கிக் கூடையில் திணித்து லாரியில் ஏற்றுவார்கள். வேதனை அங்கேதான் அதிகம். கத்தியைப் பார்த்தவன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்வான். எனக்குப் பயம் அதுதான்.

பட்டர்வொர்த் அக்கா:
எழுதியவர்கள் இரண்டு பேரும் ஆண்கள் என்று படித்தவுடன் தெரிகிறது. குடல் கழுவியவள் பார்க்கலாமா வேண்டாமா என்று விவாதிக்க மாட்டாள். நான் தோட்டத்தில் பிறந்தவள். தீபாவளிக்கு முதல் நாள் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஆடு வாங்கி, வெட்டி, கூறு போட்டுக்கொள்வோம். முனீஸ்வரன் பூசைக்குக் கிடா வெட்டும்போது எங்களைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டினார்கள். பார்த்தோம். அன்று மத்தியானமே குழம்புக்குத் தட்டை நீட்டினோம். பார்த்தால் மனம் மாறும் என்பதெல்லாம் அடுக்குமாடிக்குக் குடிபோன பிறகு நமக்கு வந்த நம்பிக்கை.

செந்தூல்வாசி:
மனம் மாற வேண்டும் என்று நான் சொல்லவில்லையே, அக்கா. அளவு தெரியும் என்கிறேன். நீங்கள் சொல்லும் ஆட்டில் இரத்தம்கூட வீணாகாமல் பொரியலாகியிருக்குமே?

பட்டர்வொர்த் அக்கா:
ஆயிற்று. பார்த்ததால் இல்லை, தம்பி. கையில் காசு இல்லாததால்.

பிரிக்பீல்ட்ஸ் சைவம்:
சுற்றி வளைக்காமல் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பார்க்கக் கூசுகிறதைத் தின்ன மட்டும் எப்படிக் கூசாமல் இருக்கிறது?

கோழிக்கடை ராஜா:
அறுவைச் சிகிச்சையைப் பார்க்கவும்தான் கூசுகிறது. அதனால் அது பாவமாகிவிடுமா? இருக்கட்டும், நீங்கள் கேக் சாப்பிடுவீர்களா? முட்டைக்கென்று வளர்க்கும் இனத்தில் பிறக்கும் சேவல் குஞ்சு முட்டையும் இடாது, கறிக்கும் கட்டுப்படியாகாது. பொரித்த கையோடு கொன்றுவிடுவது பல நாடுகளில் வழக்கம். ஜெர்மனியே 2022இல்தான் அதைத் தடைசெய்தது. கேக்கைப் பார்த்தால் இது யாருக்கும் கூசாது.

சட்டம் படித்தவன்:
குடும்பத்தோடு போய் வேடிக்கை பார்ப்பதால் ஒரு கோழிக்கும் நன்மை இல்லை. பொறுப்புள்ளவர் பார்க்க வேண்டும், தினமும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 2018 முதல் இறைச்சிக்கூடங்களில் கேமரா கட்டாயம். அரசு கால்நடை மருத்துவர் எந்தப் பதிவைக் கேட்டாலும் காட்ட வேண்டும். அமெரிக்காவின் அயோவா மாநிலம் இதற்கு நேரெதிர்: படம்பிடிப்பதற்காகப் பொய் சொல்லிப் பண்ணைக்குள் நுழைபவர்களைத் தண்டிக்க 2012இல் சட்டம் போட்டது. நம் மலேசியாவிடம் 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் இருக்கிறது. கொடுமைக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. எழுத்தில் குறையில்லை. உள்ளே நின்று பார்க்கத்தான் ஆள் வேண்டும்.

ஓய்வுபெற்ற தாதி:
உள்ளே நிற்கும் தொழிலாளியை எல்லோருமே மறந்துவிட்டீர்கள். பன்றிகளிடமிருந்து மனிதர்களுக்குத் தொற்றிய நிப்பா வைரஸ் காலம் நினைவிருக்கிறதா? 1998இல் ஈப்போ பக்கம் தொடங்கி, 1999இல் நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக்கை உலுக்கியது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பத்து லட்சம் பன்றிகள் அளவுக்கு அழித்தார்கள். முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தோம். சிங்கப்பூரில் அந்த நோய் வந்தது இறைச்சிக்கூடத் தொழிலாளர்களுக்கு: 11 பேர், ஒருவர் இறந்தார். மகனை அழைத்துப்போனால் கோழியை மட்டும் காட்டாதீர்கள். அறுப்பவர் கையில் உறை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கோழிக்கடை ராஜா:
தாதி அம்மா சொன்னதோடு என் வயிற்றெரிச்சலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022இல் கிலோ 8.90 வெள்ளி என்றிருந்த கோழி விலையின் அரசு உச்சவரம்பு ஜூலையில் 9.40 ஆனது. அதற்கு முந்தைய மாதம், வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த கோழிகளை, மாதத்துக்கு 36 லட்சம், அரசு நிறுத்திவைத்திருந்தது. என் கடைக்கு வந்தவர்கள் அந்த 50 காசைத்தான் பேசினார்கள். கோழி எங்கே, எப்படி வளர்ந்தது என்று கேட்டவர் இல்லை. அதைக் கேட்பதற்கு இரத்தம் பார்க்க வேண்டியதில்லையே.

செந்தூல்வாசி:
சரி அண்ணா, இறைச்சிக்கூடம் வேண்டாம். லாரி ஏற்றுகிற இரவில் பண்ணைக்கு அழைத்து வரலாமா?

கோழிக்கடை ராஜா:
வெளியாளை உள்ளே விட மாட்டார்கள். நோய் தொற்றும் என்பார்கள்; வண்டிச் சக்கரத்துக்கே மருந்து தெளித்துத்தான் அனுமதி. உண்மையான காரணம்தான். வசதியான சாக்கும்கூட. வாசலில் நின்று பார்க்க ஏற்பாடு செய்கிறேன். உங்கள் மகனைக் கேட்டீர்களா?

செந்தூல்வாசி:
கேட்டால் வர மாட்டான். அக்காவைக் கேட்டா தோளில் தூக்கினார்கள்?

பட்டர்வொர்த் அக்கா:
கேட்கவில்லை. என் தம்பியையும் கேட்கவில்லை. அந்தக் கிடாவுக்குத் தினமும் தழை ஒடித்துப் போட்டவன் அவன்தான். அதற்குப் பிறகு அவன் ஆட்டுக்கறியைத் தொட்டதில்லை.

பிரிக்பீல்ட்ஸ் சைவம்:
அப்படியானால் பார்த்து மனம் மாறியவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார்!

பட்டர்வொர்த் அக்கா:
மனம் மாறவில்லை, பயந்துபோனான். கோழி இன்றும் சாப்பிடுகிறான். முனீஸ்வரன் பூசைக்குத்தான் வருவதில்லை. செந்தூல் தம்பி, பையனைக் கேட்டுவிட்டு அழைத்துப்போங்கள்.