நன்னீர் முரலைச் செத்த இரைக்குப் பழக்குவது எப்படி?

ஊசி மீன் எனும் நன்னீர் முரல் வளர்ப்பவர்களிடம் ஓர் உதவி.

தொட்டி 6 அடி நீளம், 2 அடி அகலம். வெப்பம் 26 டிகிரி, பிஎச் 7.4, அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். மூன்று மீன்கள், ஒவ்வொன்றும் சுமார் 20 செ.மீ. உயிருள்ள கப்பி எனும் சிறு மீனைத் தவிர எதையும் தொடுவதில்லை. கப்பிகளை 3 வாரம் தனியே வைத்துத்தான் போடுகிறேன். நோய் இல்லை, ஆனால் செலவு கட்டுப்படியாகவில்லை. தங்கமீன் குஞ்சு போடச் சொல்லாதீர்கள். அதிலுள்ள தயமினேஸ் எனும் நொதி, வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும்.

உரித்த இறாலை 1 செ.மீ. துண்டாக்கி, இடுக்கியால் நீர்மட்டத்தில் ஆட்டினால் ஒன்று மட்டும் பக்கவாட்டில் மெல்ல நெருங்கிச் சட்டென்று கவ்வுகிறது. இரண்டே நொடி, துப்பிவிடுகிறது. துண்டு மூழ்கினால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை; மேல்மட்ட மீனாயிற்றே.

துண்டை நூலில் கட்டி இழுப்பது நல்லதா, வடிகட்டி நீரோட்டத்தில் மிதக்கவிடுவதா? முழுதாகச் செத்த சிறுமீன் கொடுத்தால் துப்பாமல் விழுங்குமா? இந்த அளவு மீனை எத்தனை நாள் பட்டினி போடலாம்?

இன்னொன்று: ஒரு மீனுக்கு அலகு நுனி முறிந்திருக்கிறது. இருட்டில் திடீரென விளக்குப் போட்டால் மிரண்டு கண்ணாடியில் மோதும் இனம் இது. முறிந்த அலகோடு அது இரையைப் பிடிக்க என்ன செய்யலாம்?