காலரா கிருமி: 30 டிகிரி குழப்பத்தை யாராவது தீர்த்து வையுங்களேன்

வணக்கம் நண்பர்களே. முதுகலை செமினாருக்கு காலரா கிருமியான விப்ரியோ காலரே எடுத்திருக்கிறேன். அடிப்படை புரிகிறது: டாக்ஸ்ஆர், டிசிபிபி என்ற இரண்டு புரதங்களும் கிருமியின் உள்சவ்வில் இருந்தபடியே டாக்ஸ்டி மரபணுவை இயக்குகின்றன. டாக்ஸ்டி புரதம் காலரா நச்சையும், குடலில் கிருமிகள் திரண்டு நிற்க உதவும் பிலை இழைகளையும் சேர்த்தே தூண்டுகிறது.

சிக்கல் எங்கே என்றால், இந்தக் கிருமியின் கிளாசிக்கல் வகைக்கு ஆய்வகத்தில் 30 டிகிரி, பிஎச் 6.5 கொடுத்தால் நச்சை நன்றாகச் சுரக்கிறது. 37 டிகிரி, பிஎச் 8.5 என்றால் அடக்கி வாசிக்கிறது. மனிதக் குடல் 37 டிகிரிதானே! இதன் இன்னொரு வகையான எல் டார் 30 டிகிரிக்கும் மசிவதில்லை. ஏகேஐ என்ற வளர்ப்பு ஊடகத்தில், 37 டிகிரியில் முதலில் அசைக்காமல் வைத்து, அப்புறம் குலுக்கி வளர்க்க வேண்டியிருக்கிறது.

பைகார்பனேட் டாக்ஸ்டியைத் தூண்டும், பித்தத்திலுள்ள நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் தடுக்கும் என்று படித்தேன். அப்படியானால் சளிப் படலத்தைக் கடந்து குடல் சுவரை நெருங்கிய பிறகுதான் நச்சுக்கான சுவிட்ச் விழுகிறது என்று சொல்லலாமா? 30 டிகிரி வெறும் ஆய்வகத் தந்திரம் என்பது என் கட்சி. வழிகாட்டி ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

இன்னொன்று. சூடோமோனாஸ் எருஜினோசா என்ற வேறொரு பாக்டீரியா கூட்டம் சேர்ந்ததும் தாக்கும். காலரா கிருமியோ கூட்டம் பெருகியதும் ஹேப்ஆர் என்ற கட்டுப்பாட்டுப் புரதம் வழியாக நச்சை நிறுத்துகிறது. உடலை விட்டு வெளியேறும் வேளை என்பதாலா? ஆனால் என்16961 என்ற எல் டார் கிருமியில் ஹேப்ஆரே பழுது, அதுவும் நோய் தருகிறதே?

இதில் வேலை செய்தவர்கள் இருந்தால் கொஞ்சம் விளக்குங்கள். நல்ல ஆய்வுக் கட்டுரை தெரிந்தாலும் சொல்லுங்கள், செமினார் அடுத்த வாரம்.