ஸ்வாஷ்பிளேட்: சுழல்தட்டா, சாய்தட்டா?

வணக்கம்.

ஹெலிகாப்டர் சுழலியின் (ரோட்டர்) இறக்கைகளின் கோணத்தை மாற்றும் உறுப்பு ஸ்வாஷ்பிளேட். அதற்குத் தமிழில் 'சுழல்தட்டு' என்ற பரிந்துரை எனக்கு ஒப்புதல் இல்லை; 'சாய்தட்டு' என்பேன். ஸ்வாஷ்பிளேட் ஒரே தட்டன்று; ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வளையங்கள், இடையில் பேரிங். கீழ்வளையம் சுழலவே சுழலாது. விமானியின் கட்டுப்பாட்டுத் தண்டுகள் அதில்தான் வந்து சேர்கின்றன. சுழன்றால் அத்தனையும் முறுக்கிக்கொள்ளும். அதனால் கத்தரிபோல மடங்கும் ஓர் இணைப்பு அதைச் சுழலவிடாமல் பிடித்து வைக்கிறது. மேல்வளையத்தை இன்னொரு கத்தரி இணைப்பு சுழலியின் அச்சோடு சேர்த்துச் சுற்றுகிறது. அதிலிருந்து இறக்கைக்கு ஒன்றாக நிற்கும் தண்டுகள், இறக்கையின் அடியில் நீண்டிருக்கும் கொம்பைத் தள்ளியும் இழுத்தும் கோணத்தை மாற்றுகின்றன.

தட்டு முழுவதும் மேலோ கீழோ நகர்ந்தால் எல்லா இறக்கைகளின் கோணமும் ஒரே அளவில் மாறும். சாய்ந்தால், ஒவ்வோர் இறக்கையின் கோணமும் சுற்றுக்கு ஒருமுறை கூடிக் குறையும். முதல் வேலை 'சாய்தட்டு' என்ற பெயரில் இல்லையே என்று கேட்கலாம். மேலும் கீழும் போகும் உறுப்புகள் எத்தனையோ உண்டு. சாய்ந்த நிலையிலேயே அசைவைச் சுழலும் பக்கத்துக்குக் கடத்துவதுதான் இதன் தனித்தன்மை. ஹைட்ராலிக் பிஸ்டன் பம்பிலும் இதே பெயரில் ஒரு தட்டு உண்டு. அங்கே பெரும்பாலும் பிஸ்டன் கட்டைதான் சுழலும், தட்டு சாய்ந்தபடி நிற்கும். 'சாய்தட்டு' அங்கும் பொருந்தும், 'சுழல்தட்டு' பிழையாகிவிடும்.

இது வினைத்தொகை, ஒற்று மிகாது. 'சாய்த்தட்டு' என்று எழுத வேண்டாம்.

மேல்வளையத்திலிருந்து இறக்கைக்கு நிற்கும் தண்டுக்குக் (பிட்ச் லிங்க்) 'கோணத்தண்டு' என்ற பெயர் போதும். 'இணைப்புக் கோல்' என்றால் எந்தக் கோல் என்று கேட்க வேண்டிவரும். பராமரிப்பில் அடிக்கடி கைவைக்கும் உறுப்பு இது: நீளத்தைத் திருகிச் சரிசெய்வார்கள். ஒன்று மட்டும் அளவு தப்பினால் அந்த இறக்கை மற்றவற்றின் தடத்தைவிட்டு ஏறியோ இறங்கியோ ஓடும். சுற்றுக்கு ஒருமுறை மேலும் கீழுமாக அதிர்வு வரும். முனை பேரிங் தேய்ந்து ஆட்டம் கண்டாலும் அதிரும்.

—

வணக்கம் ஐயா. சாய்தட்டும் கோணத்தண்டும் சரி. இறக்கை அசைவதற்கான கீலுக்கு 'மடிப்புக் கீல்' என்ற பெயர் மட்டும் வேண்டாம். கப்பலில் நிறுத்துவதற்காக இறக்கையை மடிக்கும் கீல் வேறு, குழப்பம் வரும்.

கீலுக்குப் பெயர் வைப்பதற்கு முன் அசைவுக்கு வைப்போம்: மேல்கீழசைவு, முன்பின்னசைவு, கோணவசைவு. முன்னோக்கிப் பறக்கையில் எதிர்காற்றை நோக்கி வரும் இறக்கைக்குத் தூக்குவிசை கூடும். அது மேலெழும்போது காற்றைச் சந்திக்கும் கோணம் குறைந்து இருபுறமும் சமனாகும். ஸ்பானியப் பொறியாளர் லா சியெர்வா 1923இல் தம் ஆட்டோஜைரோவில் (காற்றாலேயே சுழலும் சுழலி கொண்ட வானூர்தி) கீல் வைத்து வென்றது இதனால்தான். ஆனால் பிஓ 105 ஹெலிகாப்டரில் மேல்கீழ்க் கீலும் இல்லை, முன்பின் கீலும் இல்லை, இறக்கையே வளைந்துகொடுக்கிறது. கீல் இல்லாவிட்டாலும் அசைவு உண்டு. கீல் உள்ள இடத்தில் மட்டும் 'முன்பின் கீல்' என்று சேர்த்துக்கொள்ளலாம். அதன் தணிப்பான் பழுதானால் தரையில் நிற்கும்போதே அதிர்வு பெருகி, சில நொடிகளில் ஹெலிகாப்டர் சிதறக்கூடும். அதற்குத் 'தரை ஒத்ததிர்வு' என்ற சொல்லை முன்வைக்கிறேன்.