வெள்ளீயம் பூசிய செம்புத் தகடு: கூரைக்குப் போட்டவர்கள் யாராவது உண்டா?

வணக்கம் நண்பர்களே. புதுச்சேரியில் கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். போர்டிகோவின் சாய்வுக் கூரைக்கு, சுமார் 200 சதுர அடி, செம்புத் தகடு போட ஆசை. 0.7 மி.மீ. கனம் என்றாலே 115 கிலோவுக்கு மேல் வருகிறது. விலையைச் சொன்னதிலிருந்து வீட்டில் என்னோடு யாரும் சரியாகப் பேசுவதில்லை.

வெறும் செம்பு என்றால் மழைநீர் வழிந்து வெள்ளைச் சுவரில் பச்சைக் கறை இறங்கும். கூரை ஓரத்தில் ஏற்கெனவே மாட்டிவிட்ட ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) வடிகாலையும் அந்த நீர் அரித்துவிடும். அதனால்தான் வெள்ளீயம் பூசிய தகடு பார்க்கிறேன். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோமே, அதே சங்கதிதான், ஆலையிலேயே பூசி வரும். மேஸ்திரியோ, வெறும் செம்பின் மேல் லாக்கர் (நிறமில்லாத வார்னிஷ்) அடித்தால் போதும் என்கிறார். வெயிலில் அது திட்டுத்திட்டாக உரியாதா?

உப்புக்காற்றில் வெள்ளீயப் பூச்சு உங்களுக்கு எத்தனை வருடம் தாங்கியது? ஜிஐ வடிகாலை மாற்றியே ஆக வேண்டுமா? அப்புறம், ஓரங்களை மடித்து இணைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். 3 மீட்டர் தகடு வெயிலில் 2 மி.மீ. வரை நீளும், ஆணி அடித்து இறுக்குகிறவர் சரிப்படமாட்டார். படம் இருந்தால் போடுங்கள்.