'பில்ட்' என்பதற்குத் தமிழில் என்ன? கட்டு, வனை, ஆக்கு

ஹட்டன், ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். பெருந்தரவைச் செயற்படுத்தும் அப்பாச்சி ஸ்பார்க் மென்பொருளை மூலக் குறிமுறையிலிருந்து பில்ட் செய்யும் வழிகாட்டியைச் சனிக்கிழமை வகுப்புக்காகத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். உயர்தரம் முடித்த பிள்ளைகள். வெள்ளிக்கிழமை போட்டோகொப்பிக்குக் கொடுக்க வேணும்.

'தொகு' என்று எழுதினால் அது கம்பைல், அதாவது குறிமுறையை இயந்திரம் ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றுவது மட்டும், ஆகிவிடுகிறது. இங்கே கம்பைல் நடுவில் வரும் ஒரு படி மட்டும்தான். மேவன் என்ற பில்ட் கருவி முதலில் தேவையான நிரல் நூலகங்களை இணையத்திலிருந்து இறக்கும். பிறகு ஸ்காலா, ஜாவா என்ற நிரல்மொழிகளில் உள்ள கோப்புகளைத் தொகுக்கும். தவிர்க்கச் சொல்லாவிட்டால் சோதனைகளையும் ஓட்டும். கடைசியில் எல்லாவற்றையும் ஜார் எனும் பொதிக் கோப்புகளாகப் பொதியும். இந்த முழு வேலைக்கும் ஒரே சொல் வேணும். வினையாகவும் பெயராகவும் வர வேணும்: "நேற்றைய பில்ட்", "பில்ட் தோற்றது".

கொட்டகலை:

மிஸ், 'கட்டு' போதுமே. எல்லாருக்கும் விளங்கும். 'கட்டமை' என்று மட்டும் நீட்ட வேண்டாம். கட்டமைப்பு, சட்டகம் எல்லாம் ஒரே பந்தியில் வந்தால் பிள்ளைகள் திணறிப்போவார்கள்.

பதுளை:

தம்பி, மூட்டைக்கும் கட்டு, காயத்துக்கும் கட்டு. "நேற்றைய கட்டு" என்றால் எந்தக் கட்டு?

என் பரிந்துரை 'வனை'. புறநானூறு 256ஐ எடுத்துப் பாருங்கள். கணவனை இழந்தவள் குயவனிடம் ஈமத்தாழி கேட்கிறாள். தனக்கும் அதில் இடம் இருக்க வேண்டும் என்பதற்காக "அகலிது ஆக வனைமோ" என்கிறாள். ஆயத்தமாக இருக்கிற தாழி அவளுக்குப் போதாது. தன் தேவையைச் சொல்லி வனையச் சொல்கிறாள். மூலத்திலிருந்து ஸ்பார்க்கை எடுப்பதும் இதற்காகத்தானே? யார்ன் வேணுமா, குபெர்நெட்டீஸ் வேணுமா, ஹைவ் வேணுமா என்று கட்டளையிலேயே சொல்கிறோம். அந்தந்த மென்பொருளோடு ஸ்பார்க்கை இணைக்கும் பகுதி சேர்ந்து வருகிறது. அது போதாது என்றால் குறிமுறையையே திருத்தி வனையலாம். வனை, வனைவு, வனைகருவி என்று சொற்குடும்பமும் ஒழுங்காக அமைகிறது. வனை, புனை, வனப்பு மூன்றுக்கும் வேர் ஒன்று என்பது என் துணிபு. அழகும் செய்கையும் ஒரே வேரில் கிடக்கின்றன.

தலவாக்கலை:

"மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்று தொல்காப்பியர் சொல்லியிருக்க, வேரைத் தோண்டி எங்கே போகிறோம் ஐயா? அதே தொல்காப்பியர்தான் "கடிசொல் இல்லைக் காலத்துப் படினே" என்றும் சொன்னார். பிள்ளை திரையில் பார்க்கப்போவது "பில்ட் சக்சஸ்" அல்லது "பில்ட் பெயிலியர்". மேவனுக்குக் கூடுதல் நினைவகம் ஒதுக்காமல் ஓட்டினால் நடுவில் நின்றுபோகும். அந்த நேரத்தில் பிழைச்செய்தியைத் தேட அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய சொல் பில்ட். பில்ட் என்றே எழுதுங்கள்.

பதுளை:

அப்படியானால் தரவு எதற்கு, டேட்டா போதுமே. மென்பொருள் எதற்கு? நாற்பது வருடத்துக்கு முன் இவையும் யாருக்கும் விளங்காத சொற்கள்தான். வகுப்பில் புழங்கியதால் விளங்கின. கணனியா கணினியா என்று நாம் மல்லுக்கட்டியபோதும் கொம்பியூட்டர் போதும் என்று யாரும் சொல்லவில்லை.

பண்டாரவளை:

இடையில் ஒரு கேள்வி. ஸ்பார்க்கையே 'பொறி' என்று எழுதினால் என்ன? பொறி என்றால் தீப்பொறி, இயந்திரம், "பொறிவாயில் ஐந்தவித்தான்" என்னும்போது புலன். தரவைச் செயற்படுத்தும் ஒன்றுக்கு மூன்று பொருளும் பொருந்துகின்றன!

ஹட்டன், ஆசிரியை:

எலிப்பொறியும் உண்டு அண்ணே. பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் 2009இல் தொடங்கியபோது வைத்த பெயர் அது. பெயரை அப்படியே விடுவோம். பில்ட்டுக்கு வாருங்கள், இன்று புதன்கிழமை.

நுவரெலியா:

நான் தேயிலை பெக்டரிக் குடும்பத்துப் பிள்ளை. கொழுந்தை வாட்டுவது, உருட்டுவது, புளிக்கவிடுவது, காயவைப்பது, சலிப்பது என்று படிக்கு ஒரு சொல் இருக்கிறது. மொத்த வேலைக்கும் அப்பா சொல்வது "தூளாக்குறது". மிஸ் கேட்பதும் அதைத்தான்: இறக்கு, தொகு, சோதி, பொதி, எல்லாம் சேர்ந்து 'ஆக்கு'. லயத்துப் பிள்ளைக்கு அகராதி வேண்டாம்.

பதுளை:

ஆக்கு துணைவினையாகத் தேய்ந்துபோன சொல். எளிதாக்கு, தமிழாக்கு, எதிலும் ஒட்டிக்கொள்ளும். ஆக்கம் என்றால் வள்ளுவருக்குச் செல்வம், நம் பத்திரிகைகளுக்குக் கட்டுரை. "ஆக்கம் தோற்றது" என்றால் ஆசிரியர்பீடம் நிராகரித்தது என்றுதான் நினைப்பார்கள்.

நுவரெலியா:

அப்போ ஆக்கம் வேண்டாம், 'ஆக்கல்' என்று வைப்போம். "நேற்றைய ஆக்கல்", "ஆக்கல் தோற்றது". வினைக்கு ஆக்கு. குழப்பம் இல்லையே.

கொட்டகலை:

கட்டை விட்டுக்கொடுக்கிறேன். ஆக்கலுக்கு என் ஆதரவு.

தலவாக்கலை:

பில்ட் என்ற சொல்லும் தாளில் ஓரிடத்திலாவது இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஹட்டன், ஆசிரியை:

சரி, இம்முறை ஆக்கு, ஆக்கல். மேவன் 'ஆக்கற்கருவி'. முதல் பக்கத்தில் "பில்ட் என்று திரையில் வருவதை இங்கே ஆக்கல் என்கிறோம்" என்று ஒரு வரி போடுகிறேன். பதுளை ஐயா கோபிக்க வேண்டாம். வனை எனக்கும் பிடித்த சொல், ஆனால் சனிக்கிழமை காலையில் புறநானூற்றையும் சேர்த்து நடத்த நேரமில்லை.

பதுளை:

கோபம் இல்லை மகள். ஆனாலும் உடன்பாடும் இல்லை. புறநானூற்றைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். என் வகுப்புக் குறிப்புகளில் வனை என்றுதான் இருக்கும். பத்து வருடம் கழித்து எது நிற்கிறது என்று பார்ப்போம்.

ஹட்டன், ஆசிரியை:

இன்னொன்று விட்டுப்போயிற்று. மேவன் இறக்கும் அந்த நூலகங்களை டிபென்டன்சி என்பார்கள், அதற்குச் 'சார்பு' என்று எழுதியிருக்கிறேன். சரிதானே?

கொட்டகலை:

மிஸ், கணிதத்தில் பங்ஷன்தானே சார்பு. பிள்ளைகள் குழம்பிப்போவார்கள். 'சார்பகம்'?

பதுளை:

சார்பகமா? தம்பி, 'அகம்' விகுதி இடத்தைக் குறிப்பது. நூலகம், பணியகம் பாருங்கள். இதற்கு விரிவாக எழுத வேணும், இரவு எழுதுகிறேன்.