நீலத்திரை காட்டி நின்றுபோகும் கணினி: பவர் சப்ளையா, மதர்போர்டா?

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் வீட்டுக் கணினி பத்து நாட்களாக நீலத்திரை காட்டி நின்றுவிடுகிறது. விண்டோஸ் 10, நான்கு ஜிபி ரேம் இரண்டு. பிழை ஒவ்வொரு முறையும் ஒன்றல்ல. ஒருநாள் ‘மெமரி மேனேஜ்மென்ட்’, மறுநாள் வேறொன்று. சில வேளைகளில் நீலத்திரைகூட வராமல் தானாக அணைந்து மீண்டும் எழும்புகிறது. அதன் பிறகு விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் ‘கேர்னல் பவர் 41’ என்றிருக்கிறது. ஒழுங்காக அணைக்கப்படவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது, காரணத்தை அல்ல.

ரேமின் பொன்னிற முனைகளை அழிறப்பரால் துடைத்துப் போட்டேன். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருள் இரவு முழுதும் ஓடியது, பிழை இல்லை. வெப்பநிலை 65 பாகைக்கு மேல் ஏறவில்லை.

ஒன்றைக் கவனித்தேன். மாலையில் கிணற்று மோட்டரைப் போட்டவுடன் மேசை விளக்கு ஒரு கணம் மங்குகிறது. பாதித் தடவை கணினி அப்போதுதான் விழுகிறது. யூபிஎஸ் இல்லை. மல்டிமீற்றரில் 12 வோல்ட் இணைப்பு 11.5 காட்டியது. 11.4க்குக் கீழே போகக்கூடாது; அந்த எல்லையை ஒட்டி நிற்பதால் பவர் சப்ளைமீதே எனக்குச் சந்தேகம். திருத்துபவரோ பெட்டியைத் திறந்தும் பார்க்காமல் மதர்போர்டை மாற்றச் சொல்கிறார். அவ்வளவு பணத்தை ஊகத்தில் செலவழிக்க மனம் வரவில்லை.

என் கணிப்புச் சரியா? நன்றாக வேலைசெய்யும் 450 வாட் பவர் சப்ளை ஒன்றை இரண்டு நாள் இரவல் தரக்கூடியவர்கள் அருகில் இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். பரீட்சை நெருங்குகிறது.