பிளாக் ஹில்ஸ் தங்க வேட்டை: ராணுவம் யார் பக்கம் நின்றது?

கேள்விக்குறி:
1870களில் அமெரிக்காவின் டகோட்டாவில், பிளாக் ஹில்ஸ் மலைப் பகுதியில் நடந்த தங்க வேட்டையைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு விஷயம் பிடிபடவில்லை. 1868ஆம் ஆண்டு அமெரிக்க அரசோடு செய்த ஃபோர்ட் லாரமி ஒப்பந்தப்படி அந்த மலைகள் சூ பழங்குடியின் ஒரு பிரிவான லகோட்டா மக்களுடையவை. அனுமதியில்லாத வெளியாள் யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. ஆனால் 1874இல் உள்ளே போய், தங்கம் இருக்கிறது என்று ஊருக்குச் சொன்னது கஸ்டர் என்ற அதிகாரியின் தலைமையில் போன ராணுவப் படை. 1875இல் தங்கம் தேடி வந்தவர்களைப் பிடித்து வெளியே அனுப்பியதும் ராணுவம். 1876இல் லகோட்டாக்களோடு போரிட்டதும் அதே ராணுவம். அந்த விரட்டல் வெறும் கண்துடைப்பா, இல்லை நிஜமாகவே தடுக்கப் பார்த்தார்களா?

நூலகப்பூனை:
கண்துடைப்புதான், சந்தேகமே வேண்டாம். 1873இல் ஜே குக் வங்கி திவாலாகி நாடே ஆட்டம் கண்டது. அதன் பணத்தை நம்பியிருந்த நார்தர்ன் பசிபிக் ரயில் பாதை டகோட்டாவின் பிஸ்மார்க் ஊரோடு நின்றுவிட்டது. வேலையில்லாத கூட்டம் ஒரு பக்கம், புதுக் குடியேற்றத்துக்கு ஏங்கிய டகோட்டா ஊர்க்காரர்கள் இன்னொரு பக்கம். இந்த நிலையில் தங்கத்தைக் கண்டபிறகு எந்த அரசு வேலி போடும்?

சுரங்கத்தான்:
பூனையார் சொல்லும் காரணங்கள் சரி, முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. தாதுப் பிரிப்பு என் தொழில். பிளாக் ஹில்ஸில் இருந்த ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தின் கதையைத் தேடப் போய்த்தான் இந்த வரலாற்றுக்குள் விழுந்தேன். களத்தில் இருந்த சிப்பாய்கள் நடிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கார்டன் என்பவர் தங்கம் தேடிக் கூட்டிப்போன கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1874 அக்டோபரில் சூ சிட்டியிலிருந்து 28 பேர் கிளம்பினார்கள். 26 ஆண்கள், ஆனி டாலன்ட் என்ற ஒரு பெண், அவருடைய ஒன்பது வயது மகன். ராணுவத்தின் கண்ணில் படாமல் டிசம்பரில் பிளாக் ஹில்ஸின் ஃபிரெஞ்ச் கிரீக் ஓடைக்குப் போய்ச் சேர்ந்து, மரக்கட்டைகளை நட்டு அரண் கட்டி அதற்குள் குளிர்காலத்தைக் கழித்தார்கள். குதிரைப்படை 1875 ஏப்ரலில் அங்கே போய் அவர்களைக் கிளப்பி, ஃபோர்ட் லாரமி கோட்டைக்குக் கூட்டிவந்தது. அடுத்த மாதமே கார்டன் இன்னொரு கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு கிளம்பினார். இந்தத் தடவை நெப்ராஸ்காவிலேயே மறித்து வண்டிகளைக் கொளுத்திவிட்டார்கள். கண்துடைப்புக்கு யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. பிடித்தவர்களை என்ன செய்வது? கோட்டைக்குக் கொண்டுபோய், அறிவுரை சொல்லி, விட்டுவிடுவார்கள். குடிமக்களைத் தண்டிக்கும் அதிகாரம் ராணுவத்துக்கு இல்லை, சிவில் நீதிமன்றங்களுக்கோ அதில் அக்கறை இல்லை. விடுபட்டவர் அடுத்த கூட்டத்தோடு சேர்ந்து திரும்ப உள்ளே போவார்.

ஜெனரல் குரூக் அந்தக் கோடையில் செய்தது இன்னும் வேடிக்கை. 1875 ஆகஸ்ட் 15க்குள் எல்லாரும் வெளியேற வேண்டும் என்று உத்தரவு போட்டார். அதை மிரட்டலாகச் சொல்லாமல் மரியாதையாகவே சொன்னார். போவதற்கு முன் கூட்டம் போட்டு, அவரவர் கிளெய்மை, அதாவது தோண்ட உரிமை கோரும் நிலத்துண்டை, பதிந்துவைத்துக்கொள்ளவும் விட்டார். அந்தக் கூட்டத்தில்தான் கஸ்டர் சிட்டி என்ற ஊருக்கே மனை பிரித்தார்கள்! சட்டப்படி அவர்கள் நிற்கவே கூடாத நிலத்தில், வெளியேற்ற உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு தெருவுக்கு அளவு பிடித்தார்கள் என்றால், திரும்பி வருவதில் அவர்களுக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்.

உங்கள் கேள்விக்கான திருப்பம் அதற்குப் பிறகு வருகிறது. 1875 செப்டம்பரில் அரசு அனுப்பிய அலிசன் குழு போய் லகோட்டாக்களிடம் விலை பேசியது. மலையை விற்றால் 60 லட்சம் டாலர், சுரங்க உரிமையைக் குத்தகைக்கு விட்டால் ஆண்டுக்கு 4 லட்சம் டாலர். லகோட்டாத் தலைவர் ரெட் கிளவுட் தன் மக்களுக்கு ஏழு தலைமுறைக்கு உணவு வேண்டும் என்றார். விற்கவே கூடாது என்று நின்றவர்களும் இருந்தார்கள். பேச்சு முறிந்தது. நவம்பர் 3ஆம் தேதி அதிபர் கிராண்ட் வெள்ளை மாளிகையில் ஜெனரல்கள் ஷெரிடன், குரூக் இருவரையும் அமைச்சர்களோடு உட்காரவைத்து முடிவெடுத்தார்: தடை உத்தரவு காகிதத்தில் அப்படியே இருக்கட்டும், ராணுவம் இனி யாரையும் மறிக்க வேண்டாம். இதைப் பகிரங்கமாக அறிவிக்கவில்லை. படைத் தலைமைக்குள் ரகசியக் கடிதமாகப் போனது.

அதனால் என் கணக்கில் கண்துடைப்பு நவம்பருக்குப் பிறகுதான். அதுவும் வாஷிங்டனில் நடந்தது.

பாதசாரி:
சிப்பாயின் பக்கத்தையும் கொஞ்சம் பார்க்கலாமே. அப்போது சாதாரண சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 13 டாலர். தங்கத்தின் விலை அவுன்ஸுக்கு 20 டாலர் 67 சென்ட். ஒன்றரை மாதம் காவல் நின்று சம்பாதிப்பதை, நல்ல இடம் அமைந்தால் ஒருவன் சில நாளில் மணலை அரித்தே எடுத்துவிடுவான். அவனைப் பிடித்து வெளியே விடு என்று இவனிடம் சொன்னால் மனசு எப்படி இருக்கும்? படையை விட்டு ஓடிப்போவது அந்தக் காலத்து ராணுவத்துக்குத் தீராத தலைவலியாக இருந்ததில் ஆச்சரியமில்லை.

குரூக் கதைக்கு ஒரு வால் உண்டு. 1876 செப்டம்பரில், லகோட்டாக்களோடு நடந்த லிட்டில் பிக்ஹார்ன் போரில் கஸ்டர் செத்த பிறகு, குரூக்கின் படை லகோட்டாக்களைத் துரத்திக்கொண்டு மழையிலும் சேற்றிலும் நடந்து உணவு தீர்ந்து, சொந்தக் குதிரைகளையே அடித்துத் தின்னும் நிலைக்கு வந்தது. அந்தக் கோலத்தில் பிளாக் ஹில்ஸுக்குள் வந்தபோது அவர்களுக்குச் சோறு போட்டது யார்? சுரங்கக்காரர்கள். டெட்வுட் ஊர் குரூக்கைக் கொண்டாடி வரவேற்றது. போன வருஷம் அவர்களை வெளியே போகச் சொன்ன அதே குரூக்.

கேள்விக்குறி:
இது தெரியாது எனக்கு! சுரங்கத்தான் அண்ணா, இன்னொன்று. இத்தனை பாடுபட்டு உள்ளே போனவர்களில் பணக்காரர் ஆனவர்கள் நிறையவா?

சுரங்கத்தான்:
ரொம்பக் குறைவு. கஸ்டரோடு போனவர்கள் ஃபிரெஞ்ச் கிரீக்கில் பார்த்தது துகள்தான். அந்தப் பயணத்தில் இருந்த புவியியலாளர் வின்செல், நான் தங்கத்தைப் பார்க்கவே இல்லை என்று சொல்லிவிட்டார். செய்தித்தாள்கள் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

நல்ல தங்கம் வடக்கே டெட்வுட் பள்ளத்தாக்கில் இருந்தது. ஓடைப் படுகையில் கிடக்கும் தங்கம் ஏழைக்குத் தோதானது. தட்டும் மண்வெட்டியும் இருந்தால் போதும். தங்கம் மணலைவிடப் பல மடங்கு கனம், அதனால் தண்ணீரில் சுழற்றினால் மணல் வெளியேறி அது அடியில் தங்கிவிடும். கொஞ்சம் வசதி இருந்தால் மரத்தில் நீளமான வாய்க்கால் செய்து, அடியில் குறுக்குச் சட்டங்கள் அடித்து, தண்ணீரைத் திருப்பிவிடுவார்கள். நுண்துகளைப் பிடிக்கப் பாதரசம். ஆனால் ஓடை ஒன்று, ஆட்கள் ஆயிரக்கணக்கில். 1876இல் தாமதமாக வந்தவருக்குக் கரையோரம் ஒரு துண்டும் மிஞ்சவில்லை. கூலிக்குத் தோண்டினார்கள், மரம் வெட்டினார்கள், சரக்கு வண்டி ஓட்டினார்கள்.

பெரிய சொத்து பாறைக்குள் இருந்தது. 1876 ஏப்ரலில் மானுவல் சகோதரர்களும் கூட்டாளிகளும் ஹோம்ஸ்டேக் கிளெய்மைப் பதிந்தார்கள். அடுத்த ஆண்டே அதை 70,000 டாலருக்கு கலிபோர்னியா முதலீட்டாளர் ஜார்ஜ் ஹெர்ஸ்டின் குழுவுக்கு விற்றுவிட்டார்கள். அவர்களை ஏமாளிகள் என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அந்தத் தாதுவில் டன்னுக்குக் கிடைக்கும் தங்கம் கொஞ்சம்தான். மலைமலையாக இடித்துத் தூளாக்கினால்தான் கட்டும். அதற்கு இடிப்பு ஆலைகள் வேண்டும், கலிபோர்னியா முதலீடு வேண்டும். கூடாரத்தில் படுத்திருப்பவனிடம் அது ஏது? அந்தச் சுரங்கம் 2002இல் மூடும்வரை சுமார் 4 கோடி அவுன்ஸ் தங்கம் தந்தது. பிறகு அதே குழியில் இயற்பியல் ஆய்வகம் வைத்திருக்கிறார்கள். நியூட்ரினோ என்ற அணுத்துகள் பற்றிய ஆராய்ச்சிக்காக ரே டேவிஸ் நோபல் பரிசு வாங்கியது, சுரங்கம் மூடுவதற்கு முன்பே அங்கே செய்த சோதனைக்குத்தான். சரி, தலைப்பை விட்டு விலகிவிட்டேன்.

நூலகப்பூனை:
நவம்பர் 3 கூட்டத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒப்பந்தம் எப்படி முடிந்தது என்பதை யாரும் சொல்லவில்லையே. 1868 ஒப்பந்தப்படி நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டுமானால் வயது வந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் கையெழுத்திட வேண்டும். 1876இல் உணவுப் பங்கீட்டை நிறுத்துவோம் என்று நெருக்கியும் கிடைத்தது பத்து சதவீதம் அளவுக்குத்தான். நாடாளுமன்றம் 1877 பிப்ரவரியில் அதையே சட்டமாக்கிவிட்டது.

கேள்விக்குறி:
அதற்கு எதிராக யாரும் வழக்குப் போடவில்லையா?

நூலகப்பூனை:
போட்டார்கள். பல பத்தாண்டுகள் இழுத்து 1980இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நிலத்தை எடுத்ததற்கு 1 கோடியே 71 லட்சம் டாலரும், 1877 முதல் வட்டியும் தர வேண்டும் என்றது. சூ மக்கள் பணத்தை வாங்க மறுத்துவிட்டார்கள், அவர்கள் கேட்டது மலையை. தொகை அரசுக் கணக்கிலேயே வட்டியோடு வளர்ந்து 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. இன்னும் எடுக்கவில்லை.